எட்டாம் நம்பர் கட்டில்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் கோமதி காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கட்டடம் பதினாறாம் தேதி திறப்பாம். மூன்றாம் மாடி முழுக்க இருதய வார்டு. கட்டில்களுக்கு ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக நம்பர் போட வேண்டும், நடுவில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார்.

"மேடம், எட்டு மட்டும் வேண்டாமே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்பா காலத்து மூடநம்பிக்கைய நானும் கட்டிக்கிட்டு அழணுமா? நீங்க இன்ஜினியர்தானே தேவி?"

"மூடநம்பிக்கை இல்ல மேடம். நம்ம சாஃப்ட்வேர்ல எட்டுன்னா செத்தவங்க."

"அப்ப சாஃப்ட்வேர மாத்துங்க. ரெண்டு வாரம் இருக்குல்ல?"

ரெண்டு வாரமாம். தோசைக்கு மாவு புளிக்க வைப்பது மாதிரி சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியது அவருடைய அப்பா, எங்கள் எல்லோருக்கும் 'ஐயா'. அவருக்கு எட்டு ஆகாது. எந்த வார்டிலும் ஏழுக்கு அடுத்தது ஒன்பதுதான். தென்காசியில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. படுக்க வருகிறவர்களுக்கும் அதுதான் நிம்மதி. பத்தொன்பது வருடங்களுக்கு முன், எனக்கு முந்தி இந்த நாற்காலியில் இருந்த ஜெபராஜ் அண்ணன் சாஃப்ட்வேர் எழுதியபோது, ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டில் நம்பர் கட்டாயம் என்று வைத்துவிட்டார். இறந்தவர்களுக்குக் கட்டில் ஏது? எட்டு சும்மா கிடந்தது. அவர்களை அதில் போட்டார். புரோகிராமில் அந்த இடத்துக்கு வைத்த பெயரும் 'எட்டு'தான். ஒரு வருடத்துக்குள் அந்தப் பெயர் கம்ப்யூட்டரை விட்டு வெளியே இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. வார்டில் யாராவது தவறிவிட்டால் நர்ஸுகள் இன்றைக்கும் "எட்டு போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூன் 4, புதன்

ஒருவரை எட்டில் போட்டால் சாஃப்ட்வேர் என்னென்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். மருந்துச் சீட்டு அச்சாவதை நிறுத்துகிறது. சமையலறைக்குப் போகும் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து பெயரை எடுக்கிறது. ரத்தப் பரிசோதனையை ரத்து செய்கிறது. பில் முடிந்ததும், உடலை வாங்கிக்கொள்ள வரும்படி உறவினர் போனுக்குச் செய்தி அனுப்புகிறது.

உயிரோடு இருக்கிற ஒருத்தரை அதில் படுக்க வைத்தால்? அதுவும் இருதய நோயாளியை? இரண்டு வேளை மாத்திரை தவறினால் போதும். கம்ப்யூட்டர் சொன்னது நிஜமாகிவிடும்.

'எட்டு' என்ற பெயரையும் 8 என்ற எண்ணையும் தேட ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பாதி இடங்களில் காலை எட்டு மணி மருந்து. மீதியில் எது கட்டில், எது மணி, எது சாவு என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். கண் எரிகிறது.

வீட்டுக்கு வந்தால் மகள் ஜோவிதாவுக்கு நாளைக்கு இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டுமாம். "ரெண்டு நாலு?" என்று கேட்டாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் செல்வின்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஜூன் 5, வியாழன்

மஸ்கட்டில் இருக்கும் ஜெபராஜ் அண்ணனைப் போனில் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதிய அண்ணே. எனக்கு உசுரு போகுது."

"யம்மா, அது டீ ஆறதுக்குள்ள எடுத்த முடிவு. அன்னைக்கு மத்தியானம் ஒரு ஆளு தவறிட்டாரு. கட்டத்தக் காலியா விட்டா சிஸ்டம் ஒத்துக்கல. ஐயா வேற கீழ நின்னு சத்தம் போடுதாவ. எட்டு சும்மாதான கெடந்துது, போட்டேன். பொறவு சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன்."

"பண்ணலியே."

"நல்லா ஓடுதத எவன்மா கை வைப்பான்?"

எல்லா இடத்தையும் தேடிப்பிடித்து மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"தேவி, ஒரு எடத்துல மட்டும் நான் வேற மாதிரி எழுதுனேன்மா. ஐயா பக்கத்துல உக்காந்துருந்தாவ. அதனால மாத்தி எழுதுனேன். எந்த எடம், என்ன எழுதுனேன், ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்கு."

"அண்ணே, வெளையாடாதிய."

"சத்தியமாம்மா. வந்தா சொல்லுதேன்."

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். இன்று சோறு இறங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எட்டு என்பது இனி ஒரு நிஜக் கட்டில் என்று நகலில் மாற்றிப் பார்த்தேன்.

பத்தொன்பது வருடத்தில் இறந்த அத்தனை பேரும் ஒரே கட்டிலில் வந்து படுத்துக்கொண்டார்கள். திரை உருண்டுகொண்டே போனது. குழந்தைகள், விஷம் குடித்தவர்கள், பிரசவத்தில் போனவர்கள். அதற்குள் ஐயாவும் இருந்தார். எட்டே ஆகாது என்று வாழ்ந்த மனிதரைக் கடைசியில் எட்டில் போட்டது நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டே போட்டேன்.

எல்லோரையும் தொண்ணூற்றொன்பதுக்கு மாற்றினேன். இனி இறக்கிறவர்களுக்கும் அதுதான். பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. தொட்டால் எது விழும் என்று தெரியாது. ஆகவே இனிமேல் 'எட்டு' என்றால் தொண்ணூற்றொன்பது. எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருகிற பிள்ளை என்னைத் திட்டித் தீர்க்கும்.

ஜூன் 11, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. சாரல் விடவில்லை. ஜோவிதாவின் யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியால்தான் காய வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

'சோதனை' என்ற பெயரில் ஒரு பொய் நோயாளியை உருவாக்கி, என் போன் நம்பரையே உறவினர் நம்பராகக் கொடுத்து, சாகடித்துப் பார்த்தேன். மருந்து நின்றது. சாப்பாடு நின்றது. பில்லை முடித்தேன். செய்தி வரவில்லை.

அந்தப் பகுதியை மறுபடி தேடினேன். எட்டு என்ற எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது. மழைக்கு டவர் போயிருக்கும். செய்தி அனுப்பும் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பார்க்கிறோம் என்றார்கள்.

இந்தச் செய்தி விஷயத்தை அப்படியே விட எனக்கு மனசில்லை. ஒரு சாவு நடந்து, சேதி சொல்ல வேண்டியவர்களுக்குச் சேதி போகாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

திறப்பு விழா. கேசரி நன்றாக இருந்தது. டாக்டர் கோமதி எட்டாம் கட்டில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஏழிலும் ஒன்பதிலும் ஆள் வந்துவிட்டது. எட்டில் யாரும் படுக்க மாட்டேன் என்கிறார்கள். "இடம் இல்லன்னா வராண்டாவுல கெடக்கோம் சிஸ்டர், அந்தக் கட்டில் மட்டும் வேண்டாம்" என்று ஒரு குடும்பமே கும்பிட்டதாம். ரெஜினா சிஸ்டர் வந்து புலம்பினார். மூன்றாம் மாடிக்கு அவர்தான் தலைமை.

நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். யாரும் படுக்காத வரை எதுவும் நடக்காது.

ஜூன் 19, வியாழன்

எட்டில் ஆள் வந்துவிட்டார்.

ரெஜினா சிஸ்டர் போனில் சொன்னார். "பாவூர்சத்திரத்துக்காரர் மேடம். ஈ.பி.ல ஃபோர்மேனா இருந்தவராம். மாரடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டியாந்தாரு. எட்டுலதான் இடம்னு நான் தயங்கித் தயங்கிச் சொல்லுதேன். 'எட்டாவது எழவாவது, அத ஏன் குசுகுசுன்னு சொல்லுதிய? எவனும் படுக்கலன்னா நான் படுக்கேன், கட்டிலக் காட்டுங்க'ன்னு அதட்டுதாவ. நெஞ்சு வலியோட வந்த மனுசன் பேசுத பேச்சா இது?"

அப்படித்தான் பேசுவார்.

பெயரைத் திரையில் பார்த்தேன். திரு. சு. வேலாயுதம், அறுபத்தேழு வயது. அவருடைய பக்கத்தைத் திறக்கவில்லை. வேலையில்லாமல் நோயாளியின் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. விதியை எழுதியதே நான்தான்.

மூன்றாம் மாடி லேபிள் பிரிண்டர் சரியில்லை என்று தோன்றியது. போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே நின்று, மதியத்து மருந்துச் சீட்டு எட்டாம் கட்டிலுக்கு அச்சாகி வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். வந்தது.

ஜூன் 20, வெள்ளி

பிரிண்டரைப் பார்க்கப் போனேன். காலைச் சீட்டு வந்தது. இட்லி வந்தது. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், நல்லபடியாக முடிந்தது.

ரெஜினா சிஸ்டரிடம், எட்டாம் கட்டிலுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும், குறித்து வையுங்கள் என்றேன்.

"அவியளே சொல்லலியே. ஒங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"சிஸ்டத்துல எங்கேயோ பாத்தேன்" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

விடுமுறை. ஆனாலும் போனேன். பிரிண்டருக்கு மை மாற்ற வேண்டியிருந்தது.

செல்வின் மத்தியானம் கேட்டார். "உள்ள போய் ஒரு வார்த்த பேசேன். என்ன செஞ்சிரப் போறாரு?"

"யாருகிட்ட?"

"ம். பிரிண்டருகிட்ட."

நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். செல்வினுக்கு என்ன தெரியும்? எட்டாம் கட்டிலில் கிடப்பவர், சாமி இல்லை, சாஸ்திரம் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை என்று என்னைத் தோளில் தூக்கி வைத்துக் கூட்டத்துக்குக் கூட்டிப்போய் வளர்த்த மனிதர். செல்வினைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் அவருக்குச் சாதி மட்டும் இருந்துவிட்டது. "எனக்கு மக இல்ல" என்று வாசலில் நின்று சொன்னார். அதுவும் டீ ஆறுவதற்குள் எடுத்த முடிவுதான். ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்க யாருக்கும் தைரியமில்லை, எனக்கும்தான்.

அம்மா போனதைக்கூட எனக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு கல்யாண வீட்டில் யாரோ துக்கம் கேட்டபோதுதான் தெரிந்தது. பந்தியில் பாதியில் எழுந்தேன்.

ஆக, அந்தப் பக்கத்தை நான் ஏன் திறக்க வேண்டும்? 'உறவினர்' என்ற கட்டத்தில் துபாயில் இருக்கும் என் தம்பி பெயர் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஜூன் 23, திங்கள்

பன்னிரண்டாம் கட்டில் அம்மாள் விடியற்காலை தவறிவிட்டார். ஆனால் வீட்டாருக்குச் செய்தி போகவில்லை. ரெஜினா சிஸ்டர் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். செய்திக் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினேன். எங்கள் பக்கம் கோளாறே இல்லை, உங்களிடமிருந்து எதுவும் வரவே இல்லை என்கிறான். எல்லாப் பயல்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

ஜெபராஜ் அண்ணனுக்கு மறுபடி எழுதினேன். "யோசிக்கேன்மா" என்று ஒரு வரி வந்தது.

எங்கேயோ இன்னும் ஒரு எட்டு இருக்கிறது. அது மருந்தில் இல்லை, சாப்பாட்டில் இல்லை, பரிசோதனையில் இல்லை. மூன்றையும் நானே நின்று பார்த்துவிட்டேன். அப்படியானால் எங்கே? புரோகிராமை மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்று அவசர வேலைகள் குறுக்கே வந்தன. பாதிகூட முடியவில்லை.

ஜூன் 25, புதன்

நாளைக்கு அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நடக்கிறாராம். உப்பில்லாத சாம்பாரைச் சாம்பார் என்று சொல்லாதீர்கள் என்று சமையலறைப் பையனிடம் சண்டை போட்டாராம். இன்னும் ஒரே ஒரு நாள். அதற்கப்புறம் அந்தக் கட்டிலில் யார் படுத்தாலும் என் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளாது. இப்படி எழுதுவது தப்புதான், ஆனாலும் அதுதான் உண்மை.

'அப்பா' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்



பதினோரு மணி வாக்கில் என் மேஜையில் இருந்தேன். காலையில் மேலே போகவில்லை. போகிற நேரத்தில் அவர் கண்ணில் பட்டு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது.

'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். தங்கள் உறவினர் திரு. சு. வேலாயுதம் அவர்களின் உடலைப் பெற்றுக்கொள்ள நேரில் வரவும்.'

சாஃப்ட்வேரில் ஒரு எட்டு மீதி இருக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று வாரமாக அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று மட்டும்தான் தெரிந்தது. மூன்று மாடியையும் ஓடி ஏறினேன். செருப்பு ஒன்று எந்தப் படியில் போனது என்று தெரியாது. "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே போனதாக ரெஜினா சிஸ்டர் பிறகு சொன்னார்.

எட்டாம் கட்டிலில் சலவை செய்த சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னட்டி, இன்னைக்குப் பிரிண்டருக்கு என்ன ஆச்சு?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. எல்லா நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ரெஜினா சிஸ்டர் என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவமே! இப்பதான் பில்லு முடிச்சோம். உசுரோட இருக்க மனுசனுக்கு எட்டு போட்டுட்டே இந்தக் கம்ப்யூட்டரு!" பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, இது ஒங்களுக்கு ஏன் மேடம் வந்துது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. செய்தி உறவினர் நம்பருக்குத்தான் போகும். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"அது ஒங்க நம்பரா?" சிஸ்டர் வாயில் கை வைத்தார். "எனக்குத் தெரியாம போச்சே! வந்த அன்னைக்கு வலியில துடிச்சிட்டுக் கெடக்காவ, சொந்தக்காரங்க நம்பர் சொல்லுங்கன்னேன். போனக்கூட எடுக்கல மேடம். கடகடன்னு மனப்பாடமா ஒப்பிச்சாவ. யாருன்னு கேட்டேன். 'மகன்'னு ஒரு வார்த்த வாயில வரல, 'மகதான்'னு சொன்னாவ."

ஒன்பது வருடத்தில் அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு தடவைகூட அழைப்பு வந்ததில்லை. என்றாவது வரும் என்றுதான் நானும் நம்பரை மாற்றாமல் வைத்திருந்தேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, "என்ன வந்துருக்கு, காட்டு" என்றார். போனைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, போனைத் தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"ஒங்க அம்மை போனப்ப நான் ஒனக்கு இத அனுப்பியிருக்கணும்" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. 

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாக இருந்தது.

அவர் மூக்கைச் சிந்திவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார். "உடலப் பெற்றுக்கொள்ள நேரில் வரவும்னு போட்டுருக்கு. நீதான் நேர்ல வந்துட்டல்லா. கூட்டிட்டுப் போ."

செல்வின் ஆட்டோவோடு வந்தார். "வாங்க மாமா" என்றார். அப்பா பையை மட்டும் அவர் கையில் கொடுத்தார்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் ஜெபராஜ் அண்ணனிடமிருந்து குரல் செய்தி. "தேவி, ஞாபகம் வந்துட்டும்மா! செய்தி அனுப்புத எடந்தான். அத ஆரம்பிச்ச அன்னைக்கு ஐயா பக்கத்துல உக்காந்து, 'நல்ல நாளும் அதுவுமா புதுசா ஒண்ணு தொடங்குத, எட்டுன்னு எழுதாதல'ன்னாவ. அதனால ஏழு கூட்டல் ஒண்ணுன்னு எழுதுனேன். அவியளும் பாத்துட்டு சரின்னுட்டாவ. பாத்து மாத்திரு, என்ன?"

போய்ப் பார்த்தேன். 7 + 1 என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதன் மேலேயே எத்தனை தடவை கண்ணை ஓட்டியிருக்கிறேன். 99 ஆக்கினேன். 'சோதனை'யை மறுபடி சாகடித்தேன். செய்தி உடனே வந்தது. செய்திக் கம்பெனிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் அப்பா ஜோவிதாவுக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாராம். இரண்டாம் வகுப்புக்கு எதற்கு எட்டாம் வாய்ப்பாடு என்று செல்வின் கேட்டதற்கு, "எட்டுல என்ன பயம்?" என்றாராம். உப்பில்லாத சாம்பாருக்கு இன்று ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

டாக்டர் கோமதி நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தவறான செய்தி ஒருவருக்குப் போனது, காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது. கடைசியில், உறவினர் தரப்பில் புகார் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.